வாய்ப்புற்று பரம்பரை வியாதியா?

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்டடம், கட்டில், கணக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோம். இந்தத் தடவை, வார்டில் வியாதியஸ்தர் எங்களிடம் கேட்கிற கேள்விகளைப் பற்றிப் பேசுங்கள் என்று டாக்டர்மார் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல, வேதசாஸ்திரம் படித்தவர்கள். ஆனாலும் பல வருஷங்களாக டாக்டர்மாரின் பின்னால் கட்டில் கட்டிலாக நடந்ததில் சிலவற்றைக் கேட்டுக்கொண்டோம். கேட்டதைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டோம். அதை எங்கள் பாஷையில் சொல்லுகிறோம்.

வாய், நாக்கு, ஈறு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோயைத் தலை கழுத்துப் புற்றுநோய் என்கிறார்கள். நம் தேசத்தில் வாய்ப்புற்று மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாக வருகிறது. அந்த வியாதியஸ்தர் எங்களிடம் கேட்கிற கேள்விகள் மூன்று. முதலாவது: "ஐயா, இது பரம்பரை வியாதியா? என் பிள்ளைகளுக்கும் வருமா?" இரண்டாவது: "நான் வெற்றிலை, புகையிலை கையால் தொட்டதில்லையே, எனக்கு ஏன் வந்தது?" மூன்றாவது: "என்னோடு வேலை செய்தவன் என்னைவிட அதிகம் போட்டான். அவன் நன்றாயிருக்கிறான், எனக்கு மாத்திரம் ஏன்?"

முதற்கேள்வி வெறும் அறிவுக்காகக் கேட்கிற கேள்வி அல்ல. தகப்பனுக்கு வாய்ப்புற்று என்று ஊரில் தெரிந்தவுடன் மகளுடைய கலியாணப் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. அந்தப் பயத்தினாலேயே வாயில் புண்ணை வைத்துக்கொண்டு, "மகள் கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு, புண் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த பிறகு வருகிறவர்கள் உண்டு. ஆகையால் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருப்பது உயிரைக் காக்கிற காரியம்.

எழுத்துப் பிழை

நம் சரீரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு புத்தகம் இருக்கிறது. அது டி.என்.ஏ. என்னும் பொருளால் எழுதப்பட்டது. தகப்பனிடமிருந்து ஒரு பிரதி, தாயிடமிருந்து ஒரு பிரதி. ஒரு பிரதிக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் சரீரத்துக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும்படி கட்டளையிடுகிற பகுதிகள் ஏறக்குறைய 20,000. அவைகளையே மரபணு என்றும் ஜீன் என்றும் சொல்லுகிறோம்.

வாயின் உள்தோல் ஓயாமல் தேய்ந்து ஓயாமல் புதிதாகிறது. புதிய செல் பிறக்கும்போதெல்லாம் புத்தகம் முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அவ்வளவு எழுத்துகளை நகல் எடுத்தால் பிழை நேராமல் இராது. அந்தப் பிழைக்கு மரபணு மாற்றம் என்று பெயர். அநேக பிழைகளால் ஒரு கேடும் வருவதில்லை. சில பிழைகள் மட்டும் செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற வரிகளில் விழுகின்றன.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தாயின் கருவில் உருவாகும்போதே வந்த பிழை ஒன்று. அது சரீரத்தின் எல்லாச் செல்களிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் போகலாம். வாழ்நாளில் ஏதோ ஓர் இடத்தில், உதாரணமாகக் கொடுப்பில் புகையிலையை அடக்கி வைக்கும் அந்த இடத்தில், ஒரு செல்லில் மட்டும் நேர்ந்த பிழை இன்னொன்று. அது அந்தச் செல்லுக்கும் அதன் வழியாய்ப் பெருகும் செல்களுக்கும் மட்டுமே போகும். வித்துக்கும் கருமுட்டைக்கும் அது போவதில்லை.

தலை கழுத்துப் புற்றை உண்டாக்கும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. ஆகவே, "என் பிள்ளைகளுக்கு வருமா?" என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான்: உங்கள் கன்னத்தில் கெட்டுப்போன எழுத்து உங்கள் கன்னத்தோடு முடிந்தது. அது உங்கள் மகளுக்குப் போகவில்லை, பேரப்பிள்ளைக்கும் போகாது. ஆனால் உங்கள் வெற்றிலைப் பெட்டி போகலாம். அதைக் கொடுக்காதிருங்கள்.

பிழை திருத்துகிறவர் போய்விட்டால்

நம்முடைய பத்திரிகையை முன்னே ஈய எழுத்துக் கோர்த்து அச்சிட்ட காலத்தை மூத்தவர்கள் அறிவீர்கள். கோர்ப்பவர் கோர்ப்பார், புரூப் பார்க்கிறவர் சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பார். செல்லுக்குள்ளும் அப்படி ஒருவர் உண்டு. பி 53 என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். அதை உண்டாக்கும் மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டி.என்.ஏ.-யில் சேதம் ஏற்பட்டால் பி 53 நகல் எடுப்பதை நிறுத்தும், பழுது பார்க்கச் செய்யும். பார்க்க முடியாத அளவுக்குச் சேதம் மிஞ்சினால் அந்தச் செல்லையே மடியச் செய்யும். ஒரு செல் மடிவதினால் மனுஷன் பிழைக்கிறான்.

1979-இல் அதைக் கண்டுபிடித்தபோது, புற்றை உண்டாக்குவதே அதுதான் என்று எண்ணினார்கள். பத்து வருஷம் கழித்து, 1989-இல்தான் அது புற்றைத் தடுக்கிற காவல் என்று தெளிவாயிற்று. அதுவரை அவர்கள் சோதித்தது பெரும்பாலும் கெட்டுப்போன பி 53-ஐ! நான்கு துண்டுகள் ஒன்றாய்ச் சேர்ந்து வேலை செய்யும் புரதம் அது. அதில் கெட்டது ஒன்று கலந்தால் நல்லதையும் வேலை செய்யவிடாது.

2015-இல் அமெரிக்காவில் 279 தலை கழுத்துக் கட்டிகளின் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டார்கள். வைரஸால் வராத கட்டிகளில் 100-க்கு 80-க்கு மேற்பட்டவற்றில் பி 53 கெட்டிருந்தது. புரூப் பார்க்கிறவர் போய்விட்டால் அச்சகத்தில் என்ன நடக்கும்? பிழையின்மேல் பிழை ஏறும், தடுக்க ஆளில்லை.

பி 53 மட்டுமல்ல. செல் பெருகுவதற்குப் பிரேக் போடுகிற பி 16 என்று ஒன்று உண்டு. அது தொலைந்துபோகும். பெருகு என்று விரட்டுகிற சைக்ளின் டி1 என்னும் மரபணு ஒன்றுக்குப் பல பிரதிகளாகிவிடும். வளர்ச்சிக்கான செய்தியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஏற்பி பெரும்பாலான கட்டிகளில் மிதமிஞ்சி இருக்கும். நாட்ச் 1 என்னும் மரபணு நல்ல நிலையில் இருந்தால் வாயின் செல் முதிர்ந்து தோலாகி உதிரும். அது கெட்டால் முதிராமல் பெருகிக்கொண்டே இருக்கும். பிரேக் அறுந்து, ஆக்ஸிலரேட்டர் அமுங்கிப்போன வண்டி என்று எங்கள் டிரைவர் தம்பி சொல்லுவது சரிதான்.

இது ஒரு நாளில் நடப்பதல்ல. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு என்று சொன்னோமல்லவா? காவல் மரபணுக்களில் பெரும்பாலும் இரண்டும் கெட்டால்தான் காவல் போகும். இந்தக் கருத்தை 1971-இல் ஆல்பிரட் நட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளின் கண்புற்றை ஆராய்ந்து எடுத்துச் சொன்னார். 1996-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் வாயின் வெண்படலம் முதல் முற்றிய கட்டி வரை படிப்படியாய்ச் சோதித்தார்கள். பி 16 இருக்கும் 9-ஆம் குரோமோசோம் பகுதி தொலைவது முதற்படிகளில் ஒன்று என்றும், பின்னர் மற்றவை ஒவ்வொன்றாய்ச் சேருகின்றன என்றும் கண்டார்கள். அந்த வருஷங்களே நமக்குக் கிடைக்கிற தவணை. அதை வீணாக்கக் கூடாது.

இன்னொன்று. 1953-இல் டான்லி ஸ்லாட்டர் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய தோழரும் 783 வாய்ப்புற்று நோயாளிகளின் சதையை ஆராய்ந்தார்கள். கட்டியைச் சுற்றி, வெறுங்கண்ணுக்கு நன்றாய்த் தெரிந்த தோலிலும் மாறுதல் இருந்தது. ஒரு செடியில் மட்டுமல்ல, வயல் முழுவதிலும் வித்து விழுந்திருக்கிறது. அறுவை முடிந்து நன்றாயிருக்கிறவரிடம் "புகையிலையைத் திரும்பத் தொடாதிருங்கள், மூன்று மாதத்துக்கொருமுறை வாருங்கள்" என்று டாக்டர்மார் வற்புறுத்துவது இதனால்தான்.

எழுத்தைக் கெடுப்பது எது?

புகையிலைச் சாரத்தில் நைட்ரோசமைன் என்னும் நஞ்சுகள் உண்டு. புகையில் பென்ஸோபைரீன் உண்டு. இவை டி.என்.ஏ.-யில் போய் ஒட்டிக்கொள்ளும். 1996-இல், பென்ஸோபைரீன் பி 53 மரபணுவில் எந்தெந்த எழுத்தில் ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். நுரையீரல் புற்றில் எந்த இடங்கள் அடிக்கடி கெட்டிருந்தனவோ, அதே இடங்கள்! கைரேகையை வைத்துத் திருடனைப் பிடித்ததுபோல ஆயிற்று.

1995-இல் தலை கழுத்துப் புற்றுள்ள 129 பேரைச் சோதித்தார்கள். புகையும் மதுவும் இரண்டும் பழகினவர்களில் 100-க்கு 58 பேருக்கு பி 53 கெட்டிருந்தது. புகை மட்டும் பழகினவர்களில் 33. இரண்டும் இல்லாதவர்களில் 17. சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாய் மாறி, அதுவும் எழுத்தைக் கெடுக்கிறது.

புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குப் போட்டால் கெடுதல் இல்லை என்று நம் வீடுகளில் சொல்லுவதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல், பாக்கு தானே புற்றை உண்டாக்கும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னம் நார்போல இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும். அது புற்றுக்கு முந்தின நிலை.

நம் தேசத்தின் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். 2013-இல் மேற்கு வங்காளத்தின் கல்யாணியிலுள்ள தேசிய மரபணு ஆராய்ச்சி நிலையத்தாரும் மும்பை டாட்டா நினைவு மையத்தாரும் சேர்ந்து, ஈறும் கன்னமும் சேரும் இடத்தில் வரும் புற்றை ஆராய்ந்தார்கள். அதுவே நம் ஜனங்களுக்கு அதிகமாய் வருகிற வாய்ப்புற்று. முதலில் 50 நோயாளிகள், பிறகு வேறு 60 நோயாளிகள். பி 53, நாட்ச் 1 போன்ற தெரிந்த மரபணுக்களோடு, அதுவரை இந்தப் புற்றில் அறியப்படாத சில மரபணுக்களும் கெட்டிருப்பதைக் கண்டார்கள். மற்றவர்கள் தேசத்துக் கட்டியைப் படித்து நம்முடைய கட்டியை முழுவதும் அறிந்துகொள்ள முடியாது என்பது இதனால் விளங்கிற்று.

மற்ற இரண்டு கேள்விகள்

"நான் தொட்டதே இல்லையே" என்கிறவர்களுக்கு: எச்.பி.வி. என்னும் வைரஸ் தொண்டையின் உட்பக்கத்திலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றை உண்டாக்கலாம். அது மரபணுவின் எழுத்தைக் கெடுக்காமலேயே, பி 53 புரதத்தைப் பிடித்து அழித்துவிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இந்த வகை வைரஸே காரணம் என்று கண்டதற்காக ஹரால்டு சுர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸும் இல்லாமல், நகல் எடுக்கும்போது தானாய் நேர்ந்த பிழையாலும் வரலாம். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "ஏதோ மறைக்கிறார்" என்று யாரும் பேச வேண்டாம்.

"அவனுக்கு ஏன் இல்லை?" என்கிறவர்களுக்கு: ஒரே தெருவில் இரண்டு ஓலைக் கூரைமேல் பொறி விழுகிறது. ஒன்று பற்றுகிறது, மற்றது பற்றவில்லை. 300 கோடி எழுத்தில் பிழை எங்கே விழும் என்பதை யாரும் முன்குறிக்க முடியாது. பிறவியில் வரும் சிறு வித்தியாசங்களும் உண்டு. நஞ்சை முறிக்கும் ஒரு மரபணு சிலருக்குப் பிறப்பிலேயே இருக்காது. ஆபத்து அதனால் கொஞ்சம் கூடும். ஜப்பான், சீனா, கொரியா தேசங்களில் அநேகருக்கு அசிட்டால்டிஹைடை முறிக்கும் மரபணு பலவீனமாய் இருக்கிறது. மது குடித்தால் முகம் சிவந்துபோகும். அப்படியிருந்தும் குடிப்பவர்களுக்குத் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று வரும் ஆபத்து அதிகம்.

உண்மையாகவே பரம்பரையாய் வருகிற ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஃபான்கோனி இரத்தசோகை என்று ஒரு வியாதி உண்டு. சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கீடோ ஃபான்கோனி அதை 1927-இல் விவரித்தார். டி.என்.ஏ.-யைப் பழுது பார்க்கும் மரபணு தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் கெட்டதாய் வந்து சேர்ந்தால் அநேகமாக இது உண்டாகும். இவர்களுக்கு வாய்ப்புற்று ஆபத்து மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு, அதுவும் இளவயதிலே. சொந்தத்தில் கலியாணம் செய்யும் குடும்பங்களில் இப்படிப்பட்டவை கூடுதலாய் வெளிப்படும். மிகவும் அபூர்வமான வியாதிதான். ஆனால் சிறுவயது முதல் இரத்தக்குறைவுள்ள வாலிபனுக்கு நாக்கில் புண் வந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். வழக்கமான கதிர்வீச்சையும் மருந்தையும் அவர்கள் சரீரம் தாங்காது.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நாட்களில் ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லி வந்தார்கள். தகப்பன் புளித்த காயைத் தின்றால் மகனுக்குப் பல் கூசும் என்பது அதன் கருத்து. அந்தப் பழமொழி இனிச் செல்லாது என்று தீர்க்கதரிசி சொன்னார். நாங்கள் அதைப் பல தடவை பிரசங்கித்திருக்கிறோம். இந்த வார்டில், அதை வார்த்தைக்கு வார்த்தை பல்லையும் வாயையும் குறித்தே சொல்ல வேண்டியதாயிருக்கிறது. இது சாபமும் அல்ல, குலத்தின் கறையும் அல்ல. தானே புகையிலை போட்டு வருவித்துக்கொண்டவர்களையும் நாம் நியாயந்தீர்க்க வேண்டாம். பசியை அடக்க வயலில் பழகினவர்கள் உண்டு, கலியாணத் தாம்பூலத்தில் பழகினவர்கள் உண்டு, கடையில் காசுக்கு ஒரு பொட்டலம் என்று விற்றதை வாங்கிப் பழகின பையன்களும் உண்டு.

அறிந்ததனால் பயன் என்ன?

பி 53-ஐத் திரும்ப எழுதிவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். 2003-இல் சீனாவில், நல்ல பி 53 மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றிக் கட்டியில் போடும் ஊசிக்கு அனுமதி கொடுத்தார்கள். மற்றத் தேசங்களில் அது வழக்கத்துக்கு வரவில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியை அடைக்கும் செடுக்ஸிமாப் என்னும் மருந்தைக் கதிர்வீச்சோடு கொடுப்பதற்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதியாயிற்று. பிழை மலிந்த செல்லைச் சரீரத்தின் சொந்தக் காவற்படை அந்நியன் என்று அடையாளம் காணும்படி செய்யும் மருந்துகளும் வந்தன. விலைதான் ஏழைகளுக்கு எட்டாதது. 2022-இல் டாட்டா மருத்துவமனையார், நிவோலுமாப் என்னும் அந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாய்க் கொடுத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். குணமாக்க முடியாத நிலையிலிருந்தவர்களில் ஒரு வருஷம் உயிரோடிருந்தவர்கள் 100-க்கு 16-லிருந்து 43-ஆக உயர்ந்தார்கள். நம் தேசத்து டாக்டர்கள் நம் தேசத்து ஏழைகளை மனதில் வைத்துச் செய்த காரியம் அது.

என்றாலும் எல்லாவற்றிலும் மலிவான மருந்து வெளிச்சமும் கண்ணும்தான். 1996-இல் திருவனந்தபுரம் வட்டாரத்தில், புற்றுநோய் மையத்தார் பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாய்ப் போய், 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. மூன்று வருஷத்துக்கொருமுறை மூன்று சுற்று. 2005-இல் முடிவை வெளியிட்டபோது, புகையிலையோ மதுவோ பழகினவர்களில் வாய்ப்புற்று மரணம் 100-க்கு 34 பங்கு குறைந்திருந்தது. மரபணுவில் முதல் பிழைகள் நேர்ந்து, கடைசிப் பிழை நேருவதற்கு முன்னே கண்டுபிடித்துவிட்டார்கள். ரகசியம் அவ்வளவுதான்.

ஆகவே பிரியமானவர்களே, இன்று வீட்டுக்குப் போனவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடிக்கு முன் நின்று, டார்ச்சு அடித்து, வாயைத் திறந்து பாருங்கள். கொடுப்பு இரண்டு பக்கமும், ஈறு, அண்ணம், நாக்கின் ஓரமும் அடியும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளையோ சிவப்போ உண்டா? சிவப்பு இன்னும் ஆபத்தானது. இரண்டு வாரத்தில் ஆறாத புண் உண்டா? உங்கள் மூன்று விரல் நெடுக்குவாட்டில் வாய்க்குள் நுழைகிறதா? மூன்று வாரமாய்க் குரல் கம்மியிருக்கிறதா? கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே வாருங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதிருங்கள். ஆரம்பத்தில் வலி இராது.

உங்கள் வீட்டு வேலைக்காரர், தோட்டக்காரர், சபையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர், அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் சபையில் ஒரு வீட்டுக்கு வாய்ப்புற்று வந்திருந்தால், அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வருகிறவர்களிடம், "அது பரம்பரையாய் வருகிற வியாதி அல்ல, டாக்டர்மாரே சொல்லுகிறார்கள்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையினால் ஒரு கலியாணம் நிற்காமல் நடக்கும். புண்ணை மறைத்துவைத்திருக்கிற இன்னொரு தகப்பன் பயம் தெளிந்து, காலத்தோடே வந்து சேருவான்.